எருமை குவித்துக் கொடுத்த துடிப்பு

எருமைக்கடா சடையாண்டிக்கு முதலில் தீங்கு செய்தது வாலாட்டிக் குருவிதான். கொக்குக்கும் அதில் பங்கு உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம். எறும்பு, அணில், ஆள்காட்டி, அரசமரம், மனிதன் என்று பின்னால் வந்து வாயை நனைத்துக்கொண்டவர்களும் நிறையப் பேர். ஆனாலும் முதல் பெயர் வாலாட்டியின் பெயர்தான். அதை மாற்ற முடியாது.

அந்தக் காலத்தில், மாடும் மரமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசி ஒரே கண்மாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், எருமையைப் போலத் துடிப்பான பிராணி வேறு கிடையாது. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பொழுது விடிந்து மற்றவர்கள் கண்ணைக் கசக்குவதற்குள் சடையாண்டி கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பார். கரையில் ஏறமாட்டார், தாண்டுவார். அவர் முதுகில் ஈ உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை, அந்த வால் அப்படிச் சுழலும். கோடையில் கண்மாய் வற்றுவதற்கு முன்பே மந்தை முழுவதையும் மலையடிவாரத்துப் புல்லுக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான். அவர் முன்னால் நடந்தால்தான் மந்தை நடக்கும். பின்தங்கினவர்களைத் திரும்பி வந்து கொம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி முன்னால் ஓடுவார்.

மற்றவர்களிடம் துடிப்பு என்ற சரக்கே இல்லை. எறும்பு உச்சிவெயில் ஏறிய பிறகுதான் புற்றை விட்டு எட்டிப் பார்க்கும். அணில் ஒரு கிளையில் உட்கார்ந்தால் அன்றைக்கு அந்தக் கிளைதான். ஆள்காட்டிக் குருவியின் முட்டைக்குப் பக்கத்தில் ஆள் நடந்து போனால், "பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். காற்றடித்தாலும் அரசிலை தொங்கினபடி தொங்கும். மனிதன் தண்ணீர் எடுக்கக் கண்மாய்க்கு வந்தால், வந்த காரியத்தை மறந்துவிட்டுச் சாயங்காலம்வரை கரையில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எதுவும் நேரமாகிவிட்டதாகத் தோன்றியதே இல்லை.

எல்லாத் துடிப்பும் எருமையின் வால் நுனியில் இருந்தது. கேட்டவர்களிடம் அவர் அதை மறைத்ததும் இல்லை.

ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய் நாளுக்கு நாள் ஏறியது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கல்லால் கட்டிய கலுங்கு ஒன்று இருந்தது. அந்தக் கல் இடுக்கில்தான் வாலாட்டிக் குருவி கூடு கட்டியிருந்தாள். வெள்ளச்சி என்று பெயர். அவளுக்கு வாலாட்டி என்ற பட்டம் வந்தது பின்னால்தான். அப்போதெல்லாம் அவள் வால் நனைந்த துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மெதுவாக நடந்து சடையாண்டியிடம் வந்தாள். அவர் தண்ணீருக்கும் கரைக்கும் குதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பூவாயி கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். கொக்கு அவர் முதுகில் எப்படியோ தொற்றி நின்றது. அவர் குதிக்கிற குதியில் அது பாதி நேரம் இறக்கையை விரித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும், ஆனாலும் இடத்தை விடாது.

"மாமா, ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"கேளு, சட்டுனு கேளு."

"கண்மாய் பெருகுது. கலுங்கு இடுக்குல முட்டை வச்சிருக்கேன். போன வருசம் மாதிரி ஆயிருமோன்னு பயமா இருக்கு."

"போன வருசம் என்ன ஆச்சு?"

"பொரிச்ச குஞ்சுக்கு இரை எடுக்கப் போனேன். தூரம்கூட இல்ல மாமா, அந்தா தெரியுதே அந்த வரப்புதான். நான் மெதுவா போற ஆளு, உங்களுக்கே தெரியும். திரும்பி வந்தப்ப இடுக்குல தண்ணிதான் இருந்துச்சு."

சடையாண்டி குதிப்பதை நிறுத்தினார்.

"உங்க துடிப்புல ஒரு கால் சிரட்டை இரவல் குடுங்க. குஞ்சு பறந்து, தை பிறந்து தண்ணி வடிஞ்சதும் கொண்டாந்து தந்துர்றேன்" என்றாள் வெள்ளச்சி. கொண்டுவந்திருந்த தேங்காய்ச் சிரட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

கொக்கு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அண்ணன்கிட்ட வந்து கால் சிரட்டை கேக்குறா பாருங்க" என்றது. "கடல்ல வந்து கைப்பிடித் தண்ணி கேட்ட மாதிரி. என்கிட்ட இருந்தா நானே அள்ளிக் குடுத்திருப்பேன்."

"உன்கிட்டதான் இல்லையே" என்றாள் பூவாயி. பிறகு கணவன் பக்கம் திரும்பி, "குடுங்க, பாவம். ஆனா நமக்கும் கொஞ்சம் வச்சுக்கிட்டுக் குடுங்க" என்றாள்.

"குடுக்கிறதுன்னா குடுக்கணும். எண்ணிப் பார்த்துக் குடுக்க நான் என்ன எறும்பா?"

சொல்லிவிட்டு வாலைக் கரையிலிருந்த கல்லில் ஓங்கி அடித்தார். துடிப்பு பொலபொலவென்று சிரட்டையில் கொட்டியது. பார்க்க அயிரைமீன் குஞ்சுகளை அள்ளிப் போட்டதுபோல மினுமினுத்துத் துள்ளியது. துள்ளினாலும் வெளியே விழவில்லை, உடையவர் எதிரில் நின்றதால் அடங்கி நின்றது. இன்னொரு அடி அடித்தார். சிரட்டை நிரம்பி, மேலே நெல் அம்பாரம் மாதிரிக் கூம்பாகக் குவிந்தது. கேட்டது கால் சிரட்டை. கொடுத்தது குவித்து ஒரு சிரட்டை. இதற்குக் கொக்கு சாட்சி, பூவாயி சாட்சி, கண்மாய்த் தண்ணீர் சாட்சி.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்தில் இரவலுக்கு ஒரு முறை உண்டு. விளிம்போடு தலை தட்டிக் கொடுத்ததைத் தலை தட்டி வாங்கிக்கொள்ளலாம். குவித்துக் கொடுத்ததைக் குவித்துத்தான் திருப்ப வேண்டும். உப்பானாலும் அரிசியானாலும் அதுதான் முறை. சடையாண்டி புதிதாக உண்டாக்கிய முறை இல்லை அது.

வெள்ளச்சி அதை வாலில் ஏற்றிக்கொண்டாள். ஏற்றிக்கொண்ட அந்த நிமிடமே வால் மேலும் கீழும் அடித்துக்கொண்டது. நன்றி சொல்ல வாயெடுத்தவள் சொல்லி முடிப்பதற்குள் கலுங்குக்குப் போய்விட்டாள். நன்றி அரைகுறையாக நின்றது. அதை அவர் அப்போது குறையாக நினைக்கவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. வெள்ளச்சி வரப்புக்கும் இடுக்குக்கும் ஓடியபடியே இருந்தாள். ஒரு பூச்சி உள்ளே போவதற்குள் அடுத்த பூச்சியோடு வந்து நின்றாள். தண்ணீர் முதல் கல்லைத் தொட்டது, இரண்டாம் கல்லைத் தொட்டது. கூட்டுக்குள் அது நுழைந்த காலையில் அங்கே சில இறகுகள்தான் கிடந்தன. குஞ்சுகள் மூன்றும் புளியமரத்துக் கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

அந்த மழைக்காலம் முழுவதும் சடையாண்டி தண்ணீரில் கிடந்தார். முதல் முறையாக அவர் முதுகில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்ட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர வால் எழும்பவில்லை. "வரட்டும், தை பிறந்தால் வந்துவிடும்" என்று பூவாயியிடம் சொன்னார்.

வெள்ளச்சி சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. தை மாதம், கண்மாய் கரையை விட்டு இறங்கிய சமயம், மந்தை மலையடிவாரத்துக்குக் கிளம்ப ஆயத்தமாகக் கரையில் கூடியிருந்தது. அவள் எல்லார் எதிரிலும் அதே கல்லில் வாலை அடித்து, அதே சிரட்டையில் துடிப்பைக் கொட்டினாள். சிரட்டை நிரம்பியது. விளிம்போடு நின்றுவிட்டது.

சடையாண்டி எழுந்திருக்கத்தான் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் அவருடைய பொருள் துள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறார். கண் கலங்கியதாகக்கூடச் சொல்வார்கள்.

"அண்ணே" என்றது கொக்கு, மெதுவாக, அவருக்கு மட்டும் சொல்வதுபோல, ஆனால் மந்தைக்கே கேட்கும்படி. "கூம்பு எங்க?"

எல்லாரும் சிரட்டையைப் பார்த்தார்கள்.

வெள்ளச்சி சிரட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "குஞ்சுகளுக்கு ஊட்டும்போது என் வாயில இருந்து கொஞ்சம் அதுகளுக்குப் போயிருச்சு மாமா. எடுக்கணும்னு எடுக்கல."

"பிள்ளைக சாப்பிட்டது" என்றாள் பூவாயி. "அதைப் போய்க் கேப்பாங்களா? வாங்கி வால்ல போடுங்க. புல்லு காத்துக்கிட்டிருக்கு."

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றது கொக்கு. "வாங்கிக்குங்கண்ணே. ஏமாந்து உங்களுக்குப் பழக்கம்தானே."

அந்தச் சொல் அவர் காதில் விழாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் மூக்கை நீட்டினார். சிரட்டையை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் வெள்ளச்சி நினைத்தாள், பூவாயியும் நினைத்தாள். அவர் அதை மூக்கால் திரும்ப அவள் பக்கமே தள்ளினார்.

"குவிச்சுக் குடுத்தேன். குவிச்சுக் கொண்டா."

"மாமா, ஊரு கிளம்பி நிக்குது."

"நிக்கட்டும்."

வெள்ளச்சி சிரட்டையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளைத் தேடிப் போனாள். புளியமரம் காலியாகக் கிடந்தது. பறக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எந்தக் கண்மாய்க்குப் போயினவோ. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது ஒரு கூம்பு அளவுக்குக் கைமாற்று வாங்கலாம் என்று கரையோரமாக நடந்தாள். யாரிடம் இருக்கிறது, கொடுப்பதற்கு?

உடையவர் எதிரில் அடங்கி நின்ற பொருள், அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிறகு அடங்கவில்லை. அவள் நடக்க நடக்கச் சிரட்டையிலிருந்து துள்ளி வெளியே விழுந்தது. புற்றின் வாசலில் ஒரு துளி தெறித்தது. எறும்புகள் அதை நக்கிவிட்டு விழுந்தடித்துக்கொண்டு வரிசையில் ஓடத் தொடங்கின. வேப்பமரத்தடியில் ஒரு துளி விழுந்தது. அணில் இறங்கி வந்து, மோந்து பார்த்து, விழுங்கிவிட்டுக் கிளைக்குக் கிளை பாய்ந்தது. பொட்டலில் முட்டைமேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஆள்காட்டியின் திறந்த வாயில் ஒரு துளி போயிற்று. அது முட்டையைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, யாரோ வருகிறார்கள் என்று கத்திக்கொண்டு கிளம்பியது. யாரும் வரவில்லை. அரசமரத்தடியில் கால் இடறியபோது ஒரு வீச்சு மேலே தெறித்து இலைகளில் ஒட்டிக்கொண்டது. கடைசியாக ஒரு துளி, கரையில் உட்கார்ந்திருந்த மனிதனின் குடத்தில் விழுந்தது. அவன் அந்தத் தண்ணீரைக் குடித்தான். "ஐயோ, நேரமாயிருச்சே" என்று எழுந்தான். அன்றைக்கு எழுந்தவன்தான்.

வெள்ளச்சி திரும்பி எறும்பிடம் வந்தாள். "அண்ணே, நீங்க நக்குனது என் பொருள் இல்ல. எருமை மாமாவோடது. திருப்பிக் குடுங்க."

"எருமைத் துடிப்பா? எங்ககிட்ட ஏதும்மா துடிப்பு" என்றது எறும்பு, நிற்காமல். "இது சுறுசுறுப்பு. எங்க பாட்டன் காலத்துச் சொத்து. வழிய விடு, வேலை கிடக்கு."

அணில் மரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இது துறுதுறுப்பு. பேரே வேற" என்றது. ஆள்காட்டி, "இது பதற்றம், பதற்றம்" என்று தலைக்கு மேலே சுற்றியது. அதற்கு அந்தப் பொருளால் சந்தோஷம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது, ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அரசமரத்திடம் கேட்டதற்கு, இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மனிதனோ ஒரு பெயரோடு நிற்கவில்லை. காலையில் அதைச் சுறுசுறுப்பு என்றான், சந்தைக்குப் போகும்போது பரபரப்பு என்றான், பிள்ளை வர நேரமானால் தவிப்பு என்றான், ஒன்றும் இல்லாதபோதும் இருப்புக் கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து நடந்தான்.

திருட்டு மாட்டுக்குப் புதுச் சூடு போட்டு அடையாளத்தை மாற்றுவதைப் போன்ற வேலை இது. ஒரே வாலிலிருந்து வந்த ஒரே பொருள். ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டால் அது அவரவர் பொருள் ஆகிவிடுமா?

வெள்ளச்சி சடையாண்டியிடம் திரும்பி வந்தபோது சிரட்டையின் அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"முதல்ல தலை தட்டிக் கொண்டாந்த. இப்ப அடியில ஒட்டிக் கொண்டாந்திருக்க" என்றார் அவர். "அடுத்த தடவை வெறும் சிரட்டையா?"

"நீங்க வாங்கியிருந்தா கொட்டியிருக்காது, மாமா."

"நீ குவிச்சுக் கொண்டாந்திருந்தா வாங்கியிருப்பேன்."

பூவாயிக்குப் பொறுக்கவில்லை. "அளந்து வாங்கி எந்தக் குதிர்ல கொட்டப் போறீங்க? இருக்கிறதை வாங்கிக்கிட்டு எந்திரிங்க. மந்தை நிக்குது."

"என் பொருளை நான் எப்படி வாங்கணும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும். வாங்கத்தான் தெரியல."

மந்தை நின்றது. அவர் நடந்தால்தான் அது நடக்கும், அப்படியே பழகிவிட்டது. அவர் எழுந்து முன்னங்காலை எடுத்து வைத்தார். அடுத்த காலை எடுத்து வைக்க யோசனையாக இருந்தது. வைத்தார். கரை ஏறவில்லை. இன்றைக்கு முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பித் தண்ணீரில் படுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் படுத்தார்கள். நாளைக்கும் அப்படியே ஆயிற்று. பங்குனி வெயிலில் கண்மாய் வற்றிக் குட்டையாயிற்று, குட்டை சேறாயிற்று. மந்தை அந்தச் சேற்றிலேயே கிடந்து பழகிவிட்டது. அந்த வருஷம் பிறந்த கன்றுகளுக்கு மலையடிவாரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பெரியவர்கள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எப்போதோ தின்ற அந்தப் புல்லை நினைத்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த முதுகில் இறக்கையை விரிக்காமலே நிற்கலாம்.

மறுபடி மழை வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் வெள்ளச்சி வந்தாள். கரையில் வேறு யாரும் இல்லை, கொக்குகூட அடையப் போய்விட்டது. மிச்சத் துடிப்பும் கொட்டிவிடக் கூடாது என்று அவள் அதைத் தன் வாலிலேயே ஏற்றி வைத்திருந்தாள். வால் மேலும் கீழும் ஆடியபடியே இருந்தது. அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"மாமா, இதையாவது வாங்கிக்குங்க. உங்க பொருளைச் சுமந்துக்கிட்டு என்னால ஒரு இடத்துல உட்கார முடியல."

சடையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் மனதில் இருந்தது வேறு. இன்னொரு தடவை கேட்டால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். கேட்ட உடனே கையேந்தி வாங்கினால் இத்தனை நாள் சேற்றில் கிடந்ததற்கு மரியாதை இல்லை என்று பட்டது. காதை மட்டும் அவள் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளுக்கு அது தெரியவில்லை. கூம்பு இல்லாமல் வந்ததால் மாமாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்தாள். தண்ணீர் ஓரமாக ஓடினாள். ஒரு இடத்தில் கொத்தினாள், தலையைத் தூக்கிப் பார்த்தாள், இன்னொரு இடத்துக்கு ஓடினாள். சிந்தினது எங்காவது கிடக்காதா, கூம்பு சேர்ந்துவிடாதா என்று தேடினாள். இருட்டும் வரை அவர் காது அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. வாலாட்டிக் குருவி இன்னும் தண்ணீர் ஓரத்தில் ஓடி ஓடித் தேடுகிறது. கூம்பு சேரவில்லை. எறும்பு தரவில்லை, அணில் தரவில்லை, ஆள்காட்டி தரவில்லை, அரசிலை தரவில்லை. மனிதனோ வாங்கினதையே மறந்துவிட்டான்.

அன்று முதல்தான், எருமை நடுச்சாலையில் நின்றுகொண்டு, வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறவனின் முகத்தை அவ்வளவு நேரம் பார்க்கிறது. அவன் திட்டுகிறான், நேரமாகிறது என்று கையை வீசுகிறான். அது நகருவதில்லை. அந்த அவசரம் யாருடையது என்று அதற்குத் தெரியும்.